பின்வளவுக்குப் போனவர்கள்

கல்முனைக்குடியிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ மூத்த மகளுக்குக் கலியாணம் முடிந்தால் வீடு அவளுடையது. வாப்பா பத்துப் பதினைந்து வருடம் உழைத்துக் கட்டிய மண்டபம், அறைகள், கிணறு, முற்றத்துத் தென்னை எல்லாம் சீதன உறுதியில் அவள் பெயருக்குப் போய்விடும். பெற்றவர்கள் இளைய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதே வளவின் பின்பக்கத்தில் எழுப்பிய சிறிய வீட்டுக்கு மாறுவார்கள். இரண்டாவது மகளுக்கு மாப்பிள்ளை பேசும் காலம் வந்ததும் அந்தச் சிறிய வீடும் வளரத் தொடங்கும். சுவர் உயரும், கூரை மாறும், தரைக்கு மாபிள் வரும். பிறகு அதையும் கொடுத்துவிட்டு வளவின் இன்னொரு மூலைக்கு நகர வேண்டும். கடைசி மகளின் வீட்டில் ஓர் அறையோ, விறாந்தையின் ஒரு பக்கமோ அவர்களுக்கு மிஞ்சும். முதுமை அங்கே கழியும்.

எல்லா வீட்டிலும் இந்த ஒழுங்கு அச்சொட்டாக நடப்பதில்லை. வளவு போதாதவர்கள் வேறு தெருவில் துண்டுக் காணி தேடுகிறார்கள். அதற்கும் வழியில்லாதவர்கள் ஒரே கூரையின் கீழ் நடுவில் தடுப்புச் சுவர் வைக்கிறார்கள். ஆனால் மகளுக்கு வீடு இல்லாமல் சம்பந்தம் பேச முடியாது என்ற எண்ணம் மருதமுனை தொடங்கிப் பொத்துவில் வரை, போடியார் வீட்டிலும் மீன்பிடிக்கிறவர் வீட்டிலும், ஒரே மாதிரித்தான் இருக்கிறது. ஊரோடு சேர்ந்திருக்க மனிதர்கள் எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்று கேட்டால், அம்பாறைக் கரையில் அதற்கான பதில் கல்லும் சீமெந்துமாகக் கண்முன்னே நிற்கிறது.

இந்த வீடுகளைக் கட்டுவதில் அண்ணன் தம்பிமார் கொடுக்கும் பங்கு பற்றி அதிகம் எழுதப்படவில்லை. ராத்தாவுக்கும் தங்கச்சிக்கும் குமர் காரியம் முடியாமல் ஓர் ஆண்பிள்ளை தன் கலியாணத்தைப் பற்றி வாய் திறப்பது அங்கே அழகில்லை. எழுபதுகளின் பிற்பகுதியில் வளைகுடா நாடுகளுக்கு வழி திறந்தபின், அந்தக் கடமை சவூதிக்கும் கட்டாருக்கும் குவைத்துக்கும் போயிற்று. தெருவோரமாக நடந்தால் அந்தக் கணக்கை வீடுகளிலேயே வாசிக்கலாம். முன்மண்டபம் பூசி வர்ணம் அடித்திருக்கும், பின்பக்கச் சுவரில் புளொக் கல் பூச்சில்லாமல் தெரியும், மேல்தட்டுக்காக விட்ட கம்பிகள் துருவேறி நிற்கும். அனுப்பிய பணம் எந்த மாதத்தில் நின்றது என்பது சுவரில் ஒரு கோடாகப் பதிந்திருக்கும். நாற்பது வயதுக்குப் பிறகு ஊர் திரும்பி, முடி நரைத்த மாப்பிள்ளையாகத் தன் மனைவியின் வீட்டுக்குள் நுழைந்த சபுராளிகள், அதாவது வெளிநாட்டில் உழைக்கப் போனவர்கள், ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அவர்கள் கட்டிய வீட்டில் மச்சான் இருக்கிறார். அவர்கள் இருப்பதோ இன்னொரு சபுராளி தன் தங்கைக்காகக் கட்டிய வீட்டில்.

மாப்பிள்ளையும் ஒன்றை விட்டுவிட்டுத்தான் வருகிறான். பிறந்த வீட்டை விட்டுப் பெண் வீட்டுக்கு வருகிறவன் அவன்தான். தொடக்கத்தில் அவன் அங்கே மரியாதைக்குரிய விருந்தாளி. மாமியார் அவன் முன்னால் வர மாட்டார், கதவு மறைவில் நின்று பேசுவார். நல்ல கறி முதலில் அவனுக்கே வைக்கப்படும். ஆனாலும் அந்தக் கூரை அவனுடையது இல்லை. பிள்ளைகள் பிறந்தால் தாயின் குடியை, அதாவது தாய்வழிக் குலத்தை, சேர்வார்கள். வரிசை நாச்சி குடி, மூத்த நாச்சி குடி என்று அங்குள்ள குடிகள் சில பெண்களின் பெயரையே தாங்கி நிற்கின்றன. ஒரே குடிக்குள் பெண் எடுப்பதில்லை. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கு ஒருவராக மரைக்காயர்கள் இருந்து, கந்தூரிக்கு யார் எவ்வளவு கொடுப்பது, எந்தச் சண்டையை யார் தீர்ப்பது என்று முடிவு செய்வார்கள். ஊரின் பொது அலுவலில் ஒரு மனிதனுக்கு இருக்கும் இடம் அவனுடைய உம்மா வழியாக வந்த இடம்.

இது முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்று. பாண்டிருப்பிலும் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் வாழும் தமிழரிடையேயும் குடி இருக்கிறது, மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. கோயில் திருவிழாவில் குடிக்கொரு நாள் உபயம் என்ற ஒழுங்கும், பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்காயர் என்ற ஒழுங்கும் ஒரே மூலத்தவை. மட்டக்களப்புப் பகுதியில் ஆட்சி செலுத்திய முக்குவரின் தாய்வழி மரபு அந்த மூலம். முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த சண்டையில் முக்குவருக்குத் துணைநின்ற பட்டாணிய முஸ்லிம்களுக்குக் கைம்மாறாகப் பெண் கொடுத்தார்கள் என்று ஒரு கதை அந்தப் பக்கத்தில் வழங்குகிறது. வரலாற்று நூல்கள் இன்னொரு திசையிலிருந்தும் ஆள் சேர்க்கின்றன. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களில் ஏறத்தாழ 4,000 பேரைக் கிழக்கில் குடியேற்றினான் என்று அவை சொல்கின்றன. கதை சரியோ, எண்ணிக்கை சரியோ, ஒன்று மட்டும் தெளிவு. வெளியிலிருந்து வந்த ஆண் அந்த மண்ணில் நிலைக்க வேண்டுமானால் அங்கிருந்த பெண்ணின் வீட்டுக்குள் போக வேண்டியிருந்தது. தன் பெயரைப் பிள்ளைகளுக்குக் கடத்தும் உரிமையை அவன் வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

பிரித்தானியர் 1876இல் கொண்டுவந்த திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் முக்குவச் சட்டத்துக்கு முடிவு கட்டியது. மாமன் சொத்து மருமகனுக்கு என்ற வழக்கு நீதிமன்றத்தில் செல்லாமல் போயிற்று. முஸ்லிம்களுக்கோ இஸ்லாமிய வாரிசுரிமைப்படி மகனுக்குக் கிடைப்பதில் பாதிதான் மகளுக்கு. இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் கிழக்கின் வழக்கம் பிழைத்திருந்ததற்குக் காரணம் எளிமையானது. சட்டம் பேசுவது இறந்தபின் சொத்து யாருக்கு என்பதைப் பற்றி; இந்த மக்களோ உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிட்டார்கள். பங்கு பிரிக்க உட்காரும் நாளில் பெரும்பாலும் வீடு இராது. அது எப்போதோ மகளுடையதாகிவிட்டிருக்கும்.

இந்த வழக்கத்தைக் கொண்டாடிவிட்டுப் போவது நியாயமாகாது. வீட்டோடு நகையும் வயலும் ரொக்கக் கைக்கூலியும் சேர்ந்து மாப்பிள்ளைக்கு விலை பேசப்படுவதும் அதே கரையில்தான். உத்தியோகத்துக்கு ஒரு விலை, பட்டத்துக்கு ஒரு விலை. மகளின் வீட்டுக்காகத் தாயே வளைகுடாவுக்குப் பணிப்பெண்ணாகப் போகிறாள். பால்குடி மறந்த பிள்ளையை மூத்தம்மாவிடம் விட்டுவிட்டுப் போகிறாள். மஹர் கொடுக்க வேண்டிய ஆண் சீதனம் வாங்குவது மார்க்கத்துக்கு முரண் என்று எண்பதுகளுக்குப் பிறகு மார்க்கச் சீர்திருத்தவாதிகள் மேடை போட்டுச் சொன்னார்கள். கைக்கூலியைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னது முழு நியாயம். ஆனால் வீட்டையும் கைக்கூலியையும் ஒரே தராசில் வைத்தபோது ஒரு விடயம் தவறிப்போனது. கைக்கூலி மாப்பிள்ளையின் கைக்குப் போகிறது. வீடு பெண்ணின் பெயரில் நிற்கிறது. கணவன் தலாக் சொன்னால் வெளியே போகிறவன் அவன்தான். அடிக்கிற கணவனை விட்டு எங்கே போவது என்ற கேள்வி, உலகின் பெரும்பாலான பெண்களை வருத்துவது போல அவளை வருத்துவதில்லை. தாயும் சகோதரிகளும் ஒரே வளவில் இருப்பதால் அவளுடைய அழுகை சுவருக்குள் அடங்குவதுமில்லை. ஆணின் கையில் வீடு கட்டும் வசதி வருமுன் பெண்ணின் கையிலிருந்து வீடு போனால், அந்தச் சீர்திருத்தத்தின் செலவு முழுவதும் அவள் தலையில்தான் விழும்.

அப்படி விழுந்தது ஒரு முறை. வேறொரு வழியாக, அரசாங்கப் படிவத்தின் வழியாக.

2004 டிசெம்பர் 26 காலையில் சுனாமியாகக் கடல் வந்தபோது இலங்கையில் மிகக் கூடுதலான உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்ந்த கரையோரத் தெருக்கள் வரிசையாக அழிந்தன. அந்தத் தெருக்கள் நெருக்கமானவை. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே ஒரு நீளத் துண்டு நிலம். அதற்குள்தான் தலைமுறை தலைமுறையாக வளவுகள் மகள்களுக்காகப் பிரிந்து பிரிந்து சுருங்கி வந்திருந்தன. இறந்தவர்களில் பெண்களும் பிள்ளைகளும் அதிகம். தாயும் மகள்களும் பேத்திகளும் ஒரே வளவில் வாழ்ந்த குடும்பங்களில் ஒரு பெண்வழியே இல்லாமல் போனதும் உண்டு.

பிறகு நிவாரணம் வந்தது. கடலோரத்தில் மீண்டும் கட்டக்கூடாது என்று ஓர் எல்லை வகுத்தார்கள். அந்த எல்லையின் அளவு அரசியலுக்குத் தக்கபடி மாறிக்கொண்டே இருந்து, கடைசியில் 65 மீற்றர் என்ற எண் மருதமுனையில் ஒரு வீட்டுத்திட்டத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. புதிய வீட்டுக்கான படிவத்தில் குடும்பத் தலைவர் பெயர் எழுத ஓர் இடம் இருந்தது. உத்தியோகத்தர்கள் அங்கே கணவனின் பெயரை எழுதினார்கள். கடல் கொண்டுபோன வீடு மனைவியின் பெயரில் இருந்தது. அதற்குப் பதிலாகக் கிடைத்த வீடு கணவனின் பெயரில் வந்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சட்டங்களின் இடைவெளியில் தப்பிவந்த வழக்கத்தை அந்த ஒற்றை வரி வெட்டியது. கிழக்கின் தாய்வழிக் குடும்பங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே உட்படப் பலர் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பெண்கள் அமைப்புகள் கூட்டு உரிமை கேட்டுப் போராடின. சட்டப்படி கூட்டு உரிமையில் சிக்கல் உண்டு என்ற பதிலே பல அலுவலகங்களில் கிடைத்தது.

இது அரசாங்கம் தெரியாமல் செய்த பிழை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. குடியேற்றக் காணிகளை ஆளும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அளிப்பைப் பெற்றவர் வாரிசைப் பெயரிடாமல் இறந்தால் ஆண் உறவினருக்கே முன்னுரிமை கொடுத்தது. 2022 வரை அது அப்படியே இருந்தது. அந்தக் கண்ணோட்டத்துக்குக் குடும்பம் என்றால் ஓர் ஆணும் அவனைச் சார்ந்தவர்களும். உதவி வேண்டுமானால் அந்த வடிவத்துக்குள் நுழைய வேண்டும். கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும் பிள்ளைகளோடு மழையில் இருந்தவர்கள் நுழைந்தார்கள், வேறு வழி என்ன? மாடித்தொடர் வீடுகள் கிடைத்தவர்களுக்கு இன்னொரு இழப்பும் சேர்ந்தது. அங்கே வளவு இல்லை. மகள் பெரியவளானால் பின்னால் நகர இடமில்லை. வீடு வந்தது, வீட்டைக் கொடுத்துக் கொடுத்து உறவை வளர்த்த முறைக்கு இடமில்லாமல் போயிற்று.

ஒரு குடும்பம் ஊரோடு சேர்ந்திருக்கக் கொடுத்ததையும், ஒரு சமூகம் நாட்டோடு சேர்ந்திருக்கக் கொடுத்ததையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே, மதத்தால்தான் முஸ்லிம்கள் என்று வாதிட்டு அரச ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் கட்டுரை படித்தார். சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் வேண்டுமா என்ற கேள்வி எழுந்திருந்த காலம் அது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு விரிவான மறுப்பு எழுதினார். அரபு நாட்டிலிருந்து வந்த தந்தையரின் வழித்தோன்றல்கள் நாங்கள் என்பது அந்த மறுப்பின் உயிர். கொழும்பு வணிகக் குடும்பங்களிலிருந்து எழுந்த அந்தத் தலைவர்களுக்கு அது தேவைப்பட்டது. முஸ்லிம்கள் தனிச் சமூகம் என்ற அங்கீகாரத்துக்கு அந்த வாதம் வலுச் சேர்த்தது என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் கல்முனைப் பக்கத்துக் கரவாகுப்பற்றில் வயல் விதைத்துக்கொண்டிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. தகப்பன் எங்கிருந்து வந்தான் என்பதை அல்ல, உம்மா எந்தக் குடி என்பதையே கேட்கும் ஊர்கள் அவை. நாடளாவிய முஸ்லிம் அடையாளத்துக்குள் கிழக்கு நுழைந்தபோது அரபுத் தந்தையர் மேடைக்கு வந்தார்கள், முக்குவத் தாய்மார் பேச்சிலிருந்து மறைந்தார்கள். வரிசை நாச்சியின் பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த வரலாற்றில் வரிசை நாச்சி இல்லை.

மொழியைக் கிழக்கு முஸ்லிம்கள் விட்டுக்கொடுக்கவில்லை. தென்னிலங்கையின் பல முஸ்லிம் குடும்பங்கள் பிள்ளைகளைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் படிக்கவைத்த காலத்திலும் கல்முனை தமிழில் படித்தது, தமிழில் எழுதியது. 1942இல் உணவு உற்பத்திக்கான உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த ஏ.எம்.ஏ. அஸீஸ், பக்கத்துக் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தரோடு நட்புக் கொண்டார். அந்த ஆண்டே கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். பிறகு அந்த மண்ணிலிருந்து மருதூர்க்கொத்தன், மருதூர்க்கனி, எம்.ஏ. நுஃமான், சோலைக்கிளி, அனார் என்று ஒரு வரிசை வந்தது. பெரியநீலாவணையின் கவிஞர் நீலாவணனைச் சுற்றித் தமிழரும் முஸ்லிம்களுமான இளைஞர்கள் கூடினார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது அதைப் பற்றித் தமிழில் இன்றும் நினைக்கப்படும் கவிதையை எழுதியவர் கல்முனைக்குடியில் பிறந்த நுஃமான். ‘புத்தரின் படுகொலை’ என்ற அந்தக் கவிதையைத் தமிழர்கள் தங்கள் துயரத்தின் குரலாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

ஏற்றுக்கொண்டவர்களின் பெயரால் ஆயுதம் தூக்கியவர்கள், ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1990 ஆகஸ்ட் 3 இரவு, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அதே ஆகஸ்டில் சம்மாந்துறைக்குப் பக்கத்து வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். முஸ்லிம் ஊர்காவல் படையினர் அதில் இருந்தார்கள் என்று தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். இரு பக்கத்துக் கொடுமைகளையும் ஒரே மூச்சில் சொல்லாவிட்டால் இந்தக் கரையின் கதையைச் சொல்வதாகாது. 1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணியோடு கைகோத்து நின்ற சட்டத்தரணி எம்.எச்.எம். அஷ்ரஃப், 1981இல் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸைத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. போராட்டத்தில் தோள் கொடுக்கும்படி கேட்டவர்கள், முஸ்லிமுக்குத் தனி முகம் உண்டு என்பதை ஏற்கத் தயாராக இல்லை. தமிழ் இயக்கங்களில் சேர்ந்து உயிர்விட்ட முஸ்லிம் இளைஞர்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி இன்று இரு பக்கத்திலும் அரிதாகவே பேசுகிறார்கள்.

போர் முடிந்தபின், விட்டுக்கொடுக்கக் கேட்கும் குரல் மாறியது, கேட்பது நிற்கவில்லை. 2013 மார்ச்சில் பௌத்த கடும்போக்கு இயக்கங்களின் எதிர்ப்பைத் தணிக்க அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா உள்நாட்டுப் பொருட்களுக்கான ஹலால் முத்திரையைக் கைவிட்டது. நாட்டின் அமைதிக்காக என்று சொல்லிக் கைவிட்டது. அமைதி வரவில்லை, அடுத்த ஆண்டு ஜூனில் அளுத்கமவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்திருக்கிறது என்று வதந்தி பரப்பிக் கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அரச பகுப்பாய்வாளர் பார்த்தபோது அது மாவுக் கட்டி.

2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, ஏப்ரல் 26 அன்று, சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்கள் மேல் சந்தேகம் கொண்டு தகவல் கொடுத்தவர்கள் அந்த ஊர் முஸ்லிம்கள். குண்டுவெடிப்புகளை நடத்திய குழுவின் தலைவன் சஹ்ரானின் உறவினர்கள் உள்ளேயிருந்து குண்டை வெடிக்கவைத்தார்கள். ஆறு குழந்தைகள் உட்படப் பலர் மாண்டார்கள். ஊர் தன் கடமையைச் செய்தது. இருந்தும் அடுத்த வாரங்களில் முஸ்லிம் பெண்கள் ஆஸ்பத்திரி வாசலிலும் அலுவலக வாசலிலும் முக்காட்டைக் கழற்றச் சொல்லிக் கேட்கப்பட்டார்கள். மே மாதத்தில் அரசாங்க அலுவலகங்களுக்குச் சேலை கட்டாயம் என்று சுற்றறிக்கை வந்து, எதிர்ப்பு எழுந்தபின் மாற்றப்பட்டது.

உடையைப் பற்றிய பேச்சு இங்கே சிக்கலானது. இந்தக் கரையின் மூத்தம்மாமார் சேலை உடுத்து அதன் தலைப்பாலேயே முக்காடிட்டவர்கள். அபாயா அவர்களின் மகள்மார் காலத்தில், வளைகுடாத் தொடர்போடும் புதிய மார்க்கக் கல்வியோடும், பரவியது. விரும்பி அணிந்தவர்கள் பலர். பல்கலைக்கழகத்துக்கும் வேலைக்கும் போக அது துணையானது என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதை நம்பவேண்டும். அதேசமயம் உலக முஸ்லிம் சமூகத்தோடு சேர்ந்திருப்பதற்காக ஊர் கழற்றி வைத்தவையும் உண்டு. குடி மரைக்காயர் முறை பல இடங்களில் தளர்ந்தது. வயலிலும் வேலியோரத்திலும் மச்சானுக்கும் மச்சிக்கும் இடையே பாடப்பட்ட கவிகள் வீட்டிலிருந்து புத்தகத்துக்குப் போய்விட்டன. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் ஆண்டுதோறும் ஏறும் கொடி இன்னும் ஏறுகிறது, ஆனால் அது மார்க்கமா என்ற சர்ச்சையோடு ஏறுகிறது. சேலையை விடச் சொன்னவர்களும் பிறகு சேலை கட்டச் சொன்னவர்களும் வெவ்வேறு ஆட்கள். இருவருக்கும் தலைகொடுக்க வேண்டியிருந்தவள் ஒரே பெண்.

அந்த 2019 மே மாதத்தில் கெக்கிராவைக்கு அருகே மடாட்டுகமவில் நடந்ததை இலங்கை முஸ்லிம்கள் மறக்கவில்லை. சஹ்ரானின் இயக்கத்தோடு தொடர்புடையவர்கள் நடத்திய பள்ளிவாசல் ஒன்று அங்கே இருந்தது. பொலிசார் வந்து சோதனையிட்டபின், பக்கத்துச் சிங்கள மக்களோடு மனக்கசப்பு வளர்வதைக் கண்ட ஊர் முஸ்லிம்கள் கூடிப் பேசி, தாங்களே அதை இடித்துத் தள்ளினார்கள்.  தொழுகைக்கு முன் கைகால் கழுவி வரிசையில் நிற்கிற அதே மனிதர்கள் கடப்பாரையோடு நின்றார்கள். பள்ளிவாசலை இடிப்பவன் முஸ்லிமுக்கு எதிரி என்று கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். தீவிரவாதத்துக்கு இடமில்லை என்று காட்ட அவர்கள் எடுத்த முடிவை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் அப்படியொன்றைச் செய்து காட்டினால்தான் பக்கத்து வீட்டுக்காரர் என்று நம்பப்படுவோம் என்ற நிலைக்கு ஒரு மக்களைத் தள்ளிய நாட்டைப் பற்றி என்ன சொல்வது? அதே ஆண்டு ஜூன் 3ஆம் திகதி அரசாங்கத்தில் இருந்த முஸ்லிம் அமைச்சர்கள் எல்லோரும் பதவி விலகினார்கள்.

மகளுக்காக வீட்டை விட்டுப் பின்வளவுக்குப் போகிறவர்களுக்குக் கைம்மாறாக ஒன்று கிடைக்கிறது. அந்த வீட்டின் சோறு, நோயில் ஒரு கை, பேரப்பிள்ளைகளின் குடிப்பெயரில் ஓர் இடம். கொடுப்பதை நிறுத்தும் நாளும் உண்டு. கடைசி மகள் கரைசேர்ந்தால் போதும். ஹலால் முத்திரையை விட்டுக்கொடுத்தவர்களுக்கும் பள்ளிவாசலை இடித்தவர்களுக்கும் எந்த நாளில் போதும் என்று யாரும் சொல்லவில்லை. 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்தவர்களின் உடலை எரிப்பது கட்டாயம் என்று வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், நாட்டின் நிபுணர் குழு நிலத்தடி நீரைக் காரணம் காட்டியது. டிசெம்பரில் இருபது நாள் குழந்தை ஒன்று பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டபின், பொரளை மயான வேலியில் இன மத பேதமின்றிப் பலர் வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 பெப்ரவரி இறுதியில் உத்தரவு மாறியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

அடக்கத்துக்கு இடம் கொடுத்தது கிழக்குத்தான். மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓட்டமாவடிக்கு உட்பட்ட மஜ்மா நகர் என்ற வறண்ட, ஏழைக் கிராமம். நாட்டின் எந்த மூலையில் இறந்தாலும் உடல் அங்கேதான் போக வேண்டியிருந்தது. காலியிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் கல்முனையிலிருந்தும் வாகனங்கள் போயின. கூட இருவரோ மூவரோ மட்டும் போக முடிந்தது. 3,600க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள், பௌத்தர்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அவர்களில் உண்டு. அந்த நிலத்தின் ஒரு பகுதியில் பயிர்செய்து வந்த குடும்பங்கள் தங்கள் காணிகளை மையித்துகளுக்காக விட்டுக்கொடுத்தன. அதற்கு ஈடாக மாற்றுக் காணி கேட்டு அந்தக் குடும்பங்கள் பின்னர் அலுவலகங்களுக்கு நடந்தன.